கம்பம் மெட்டுக்கு ஒரு கியர்பாக்ஸ்

கம்பத்திலிருந்து கேரளத்துக்கு ஏறும் கம்பம் மெட்டு மலைப்பாதையின் ஒரு கொண்டை ஊசி வளைவில் பாஜிலாவின் பிக்கப் இழுக்க மறுத்தது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த என்ஜின் கத்தியதே தவிர, சக்கரம் நகரவில்லை. வண்டி மெல்லப் பின்னால் சரியத் தொடங்கியது. பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஹாரன் அடித்தாள். பின்னால் வந்த ஏலத்தோட்ட ஜீப்பிலிருந்து ஆட்கள் குதித்து ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். வண்டிக்கு அடியிலிருந்து கருகிய எண்ணெய் வாடை வந்தது. பின்னால் டிரே டிரேயாகப் பன்னீர் திராட்சை.

அன்று திராட்சையை வேறு வண்டிக்கு மாற்றி மலைக்கு மேலே கட்டப்பனைச் சந்தைக்கு அனுப்பினார்கள். பாஜிலாவின் வண்டியை இன்னொரு வண்டி கட்டி இழுத்துக்கொண்டு இறங்கியது.

பாஜிலாவுக்கு இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் போய்விட்டது. காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் மாட்டி, கைத்தடி ஊன்றி நடப்பாள். கணவர் சலீம் தோட்டம் தோட்டமாகப் போய் விலை பேசித் திராட்சை பிடிப்பார்; அதை மலைக்கு மேலே கொண்டுபோய் விற்பது பாஜிலா. முதலில் டிரைவர்களை வைத்துத்தான் அனுப்பினார்கள். கேரளப் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவர் தன் ஆட்டோமேட்டிக் பிக்கப்பை விற்கிறார் என்று கேள்விப்பட்டபோது, அதில் கிளட்ச் மிதி கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை என்பது மட்டும்தான் அவள் மனதில் நின்றது. வாங்கினாள், கற்றாள், லைசென்ஸ் எடுத்தாள். கம்பம் திராட்சை வண்டிக்காரர்களில் பெண் அவள் ஒருத்திதான். மெட்டில் எதிரே வரும் பஸ் டிரைவர்கள் அவளுக்கு லைட் போட்டுக் காட்டிவிட்டுப் போவார்கள்.

இப்போது அந்தக் கியர்பாக்ஸ்தான் போய்விட்டது.

தேனியில் பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "இந்த ஆட்டோமேட்டிக்கக் கழட்டிப் போட்டுட்டு, சாதா கியர்பாக்ஸ் ஒண்ண மாட்டிருங்க. பார்ட்ஸும் கெடைக்கும், வேல தெரிஞ்ச ஆளும் கெடைக்கும்."

சலீமும் அதைத்தான் நினைத்தார். வீட்டுக்கு வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எல்லாரும் அதத்தான் சொல்றாக பாஜிலா. சாதா பெட்டியப் போட்டு ஒரு டிரைவர வச்சுக்கிருவோம். அன்னைக்கு வண்டி பின்னால உருண்டுச்சுன்னு சொன்னப்ப எனக்கு உசுரே இல்ல."

"சாதா பெட்டின்னா கிளட்ச மிதிக்கணும். நான் எதால மிதிக்க?"

"அதான் டிரைவர்னு..."

"வண்டிய யாரு வேணாலும் ஓட்டலாங்க. நான் ஓட்டுறதுக்கு இந்த ஒரு வண்டிதான் இருக்கு." அவள் குரல் உயரவில்லை. "இதையே சரி பண்ணுவோம். பண்ண முடியாதுன்னு ஒருத்தர் உள்ள தெறந்து பாத்துட்டுச் சொல்லட்டும், அப்ப நான் இறங்கிக்கிறேன். இவுக யாரும் தெறக்கவே இல்லையே."

இரண்டு நாள் அங்கும் இங்கும் விசாரித்து, பழனிசெட்டிபட்டியில் செல்வின் என்று ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்தது சலீம்தான்.

செல்வின் சார்ஜாவில் பல வருடம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் பட்டறையில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். இங்கே வந்து ஷெட் போட்ட பிறகு அவருக்கு வந்ததெல்லாம் கிளட்ச் பிளேட் மாற்றும் வேலையும் பிரேக் வேலையும்தான். பாஜிலாவின் வண்டி ஷெட்டுக்குள் வந்தபோது கையைத் துடைத்துக்கொண்டே அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அக்கா, இதுக்குத்தான் நான் காத்துக் கெடந்தேன்" என்றார்.

கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கும்போது பாஜிலா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். எண்ணெய் காப்பித் தூள் கரைத்த மாதிரி கறுப்பாக வழிந்தது. உள்ளே வளையம் வளையமாக அடுக்கியிருந்த, மிதிக்காமல் எண்ணெய் அழுத்தத்தில் தானாகவே பிடிக்கும் கிளட்ச் தகடுகளில் இரண்டு கியருக்கான அடுக்கு மொத்தமாகக் கருகியிருந்தது. பிடிப்புக்காக ஒட்டியிருக்கும் பூச்சு தேய்ந்து வெறும் இரும்பு தெரிந்தது.

"பெட்டி மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல" என்றார் செல்வின். "இது சமமான ரோட்டுல ஓடறதுக்குச் செஞ்ச பெட்டி. நீங்க லோட ஏத்திக்கிட்டு மெட்டுல ஏறுறீக. எண்ணெ கொதிச்சு, தகடு வழுக்கி, வழுக்க வழுக்க இன்னும் கொதிச்சுருக்கு. பழைய பார்ட்ஸையே திரும்பப் போட்டா திரும்ப இதே கதைதான். மாத்துறத எல்லாம் ஒரு படி மேல போடணும்."

"அப்ப எதெது மேல போடணும்? எனக்கு ஒண்ணொண்ணா சொல்லு தம்பி. தெரியாம நான் எதுக்கும் தலையாட்ட மாட்டேன்."

கொச்சியில் இந்தச் சாமான்களை வரவழைத்து விற்கும் கடைக்காரரைச் செல்வின் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். அவர் உற்சாகமானவர். பந்தய வண்டிகளுக்குப் போடும் சாமான் முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார். "சேச்சி, இது முழுசா போட்டால் பின்ன ஒண்ணும் பேடிக்கண்டா!"

"பயப்படறதுக்கு இல்லண்ணே. தேவையான்னு பாக்கறேன்" என்றாள் பாஜிலா.

முதலில் டார்க் கன்வெர்ட்டர். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், எண்ணெய்க்குள் எதிரெதிரே சுழலும் இரண்டு விசிறி மாதிரி என்று செல்வின் விளக்கினார். கடைக்காரர் சொன்ன பந்தயக் கன்வெர்ட்டர், என்ஜின் நன்றாக வேகமெடுத்த பிறகுதான் முழுப் பிடிப்புக்கு வரும். கிளம்பும்போது வண்டி பாயும்.

"பாஞ்சு நான் எங்க போகப் போறேன்? எனக்கு முன்னால மண்ணு லாரி ஊர்ந்துக்கிட்டு இருக்கும். அதுக்குப் பின்னால நானும் ஊரணும். அப்ப இது பிடிக்காமச் சுத்திக்கிட்டே இருந்தா சூடுதானே ஏறும்?"

செல்வின் சிரித்தார். "அதேதான் அக்கா. மெதுவாப் போறப்பவே பிடிக்கிற மாதிரிதான் நமக்கு வேணும்."

பந்தயக் கன்வெர்ட்டர் வேண்டாம் என்றானது. குறைந்த வேகத்திலேயே பிடிக்கிற, இரண்டு விசிறியையும் வழுக்காமல் ஒன்றாகப் பூட்டும் உள்பூட்டு வலுவான கன்வெர்ட்டரை அனுப்பச் சொன்னார்கள். கடைக்காரர் ஒப்பித்ததில் இருந்த தடித்த ஷாஃப்டும் வேண்டாம். இருந்த ஷாஃப்டைச் செல்வின் உருட்டிப் பார்த்து, முறுக்கோ கீறலோ இல்லை என்று சொல்லிவிட்டார். கிளட்சுக்கு, சூடு தாங்கும் உயர்ந்த ரகத் தகடு. இடையில் வரும் இரும்புத் தகடுகளை மெல்லியதாகப் போட்டால் அதே இடத்தில் கூடுதலாக ஒரு தகட்டை அடுக்கலாம் என்றார், பிடிப்பு கூடும். எண்ணெயைக் குளிரவைக்கப் பெரிய கூலர். ஊர்ந்து ஏறும்போது காற்று அடிக்காது என்பதால் அதற்குத் தனி விசிறி வேண்டும் என்று பாஜிலா கேட்டு வாங்கினாள். எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றும் கண்முன்னால் இருக்கவேண்டும் என்றாள்.

கடைசியில் கியர் விழும் வேகம். அங்கேதான் பாஜிலாவுக்கும் செல்வினுக்கும் முட்டிக்கொண்டது.

கியர் மாறும்போது எண்ணெய் அழுத்தம் மெதுவாக ஏறினால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும், குலுங்காது; ஆனால் தகடு தேயும். சட்டென்று ஏறினால் தகடு பிழைக்கும். அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் சின்னப் பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கில்தான் அந்த வித்தியாசம். கொச்சியிலிருந்து வந்த கிட்டில் மூன்று விதமான ஸ்பிரிங்குகள் இருந்தன. செல்வின் இருப்பதிலேயே முரட்டு ஸ்பிரிங்கை எடுத்தார். "என் பேரச் சொல்லி இந்தப் பெட்டி ஓடணும் அக்கா. இதப் போட்டா தகடு உங்க ஆயுசுக்கும் வரும்." பாஜிலாவும் அதற்குச் சம்மதித்தாள்.

எல்லாம் பூட்டி முடித்து வீரபாண்டி பக்கம் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். சோதனைக்காகச் சலீம் பின்னால் சில டிரே திராட்சை ஏற்றியிருந்தார். வண்டி அருமையாக இழுத்தது. ஆனால் ஒவ்வொரு கியர் விழும்போதும் முதுகில் யாரோ கையால் தட்டிய மாதிரி ஒரு உதை. கோயிலைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, பாஜிலா இறங்கிப்போய் ஒரு டிரேயைத் திறந்தாள். கொத்திலிருந்து பழம் பழமாகக் கழன்று அடியில் உதிரியாகக் கிடந்தது.

"செல்வின், இதப் பாரு."

அவர் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "கியர்பாக்ஸுக்கு இதுதான் அக்கா நல்லது. சத்தியமா."

"கியர்பாக்ஸுக்கு நல்லதுதான். நான் கியர்பாக்ஸ விக்கப் போகலையே தம்பி. உதிரிய அங்கன எவரும் கையால தொட மாட்டாக."

"நடு ஸ்பிரிங்கப் போட்டா தகடு கொஞ்சம் சீக்கிரம் தேயும்."

"தேயட்டும். சூடு ஏறாமப் பாத்துக்கத்தான் அவ்வளவு பெரிய கூலர் போட்டிருக்கோம். இன்னும் ஒரு தகடு கூட வச்சிருக்க. அதெல்லாம் சும்மாவா?"

செல்வின் உதிர்ந்த பழங்களைக் கையில் அள்ளிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "நீங்க சொல்றது ஞாயம். சார்ஜாவுல நான் திராட்ச வண்டி பாத்ததில்ல."

மறுபடி வண்டியைத் தூக்கி, அடித்தட்டைக் கழற்றி, நடு ஸ்பிரிங்கை மாட்டினார். இந்த முறை கியர் மாறுவது தெரிந்தது, ஆனால் உதைக்கவில்லை. டிரேயில் கொத்து கொத்தாகவே இருந்தது.

அடுத்த நாள் காலை முழு லோடு. சலீம் அன்று தோட்டத்துக்குப் போகவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பாஜிலா "பிஸ்மில்லா" சொல்லிக் கிளம்பினாள். அடிவாரம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் லீவரைத் தள்ளி, வண்டி இரண்டாவது கியரைத் தாண்டாதபடி வைத்துக்கொண்டாள். அவள் எதிர்பார்த்த மாதிரியே முன்னால் ஒரு மண் லாரி, புகையைக் கக்கிக்கொண்டு ஊர்ந்தது. சலீமின் கண் புது மீட்டரை விட்டு அகலவில்லை. முள் ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறியது. எங்கோ முன்பக்கத்தில் கூலர் விசிறி சுற்றத் தொடங்கும் ஓசை கேட்டது. முள் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"இறங்குது!" என்று சலீம் கத்தியே விட்டார்.

"இறங்கத்தான் செய்யும்" என்றாள் பாஜிலா. முன்னால் சாலையைப் பார்த்தபடியே சொன்னாலும் அவள் உதட்டில் சிரிப்பு அடங்கவில்லை.

பழுதாகி நின்ற வளைவில், வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினாள். சலீம் பதறிக் கதவைப் பிடித்தார். பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரைத் தொட்டாள். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்வாங்காமல், லோடோடு, நிதானமாக முன்னால் ஏறியது. சலீம் கதவிலிருந்து கையை எடுத்தார்; வெட்கத்தோடு சிரித்தார்.

மேலே சோதனைச்சாவடிக்குப் பக்கத்து டீக்கடையில் நிறுத்தியபோது, பழக்கப்பட்ட லாரி டிரைவர்கள் கூடிவிட்டார்கள். எந்த ஊரில் சரிசெய்தது, கோயம்புத்தூரா, கொச்சியா என்று கேட்டார்கள்.

"நம்ம பழனிசெட்டிபட்டிதான்" என்று சலீம் முந்திக்கொண்டு சொன்னார். "என்னென்ன பார்ட்ஸ் போடணும்னு இவ உக்காந்து பொறுக்கி எடுத்தா. பந்தயக் கன்வெர்ட்டர் வேணாம்னுட்டா. இவ சொல்லித்தான் ஸ்பிரிங்கையே மாத்துனாக." கன்வெர்ட்டர் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு, எதிரெதிரே சுழலும் இரண்டு விசிறி என்று கையால் சுற்றிக் காட்டி அவரே விளக்கவும் ஆரம்பித்துவிட்டார். பாஜிலா டீயை ஊதிக் குடித்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

திராட்சை சீசன் முடிவதற்குள் செல்வினின் ஷெட்டுக்கு ஆட்டோமேட்டிக் வண்டிகள் வரத் தொடங்கின. ஒருநாள் ஆண்டிபட்டிக்காரர் ஒருவர் தன் பிக்கப்பை விட்டுவிட்டு, மெட்டில் ஏறும் அந்த அக்கா வண்டிக்குப் போட்ட அதே சாமானைத் தன் வண்டிக்கும் போடச் சொன்னார். செல்வின் பாஜிலாவுக்குப் போன் அடித்து அவரிடம் கொடுத்தார்.

"அப்படியெல்லாம் அதே சாமானப் போட்ற முடியாதுண்ணே" என்றாள் பாஜிலா, கட்டப்பனைச் சந்தையின் இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு. "மொதல்ல சொல்லுங்க. நீங்க என்ன லோடு ஏத்துறீக? எந்த ரோட்டுல போறீக?"