மேசையில் கார்டு, மேடையில் யும்னா

தான் படிப்பைப் பாதியில் விடப்போகிறோம் என்பது, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் பிரியாணிக்கு வரிசையில் நின்றபோதுதான் யும்னாவுக்கே தெரிந்தது. கல்லூரியின் மாணவர் நலப் பிரிவிலிருந்து சுரேந்தர் போன் செய்தார்.

“பயப்படாதீங்க யும்னா. நீங்க காலேஜ விட்டுப் போகப்போறீங்க.”

“நானா? எங்க சார் போறேன்?”

“அது சிஸ்டத்துல இல்ல. போறீங்கன்னு மட்டும் சிவப்பா காட்டுது.”

சிஸ்டம் என்று அவர் சொன்னது ‘ஃபோர்சைட் 360’ என்ற மென்பொருளை. எந்த மாணவர் எப்போது படிப்பைக் கைவிடுவார் என்று முன்கூட்டியே சொல்லுமாம். 360 பாகை சுற்றினால் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்போம் என்பதை விற்றவர் சொல்லவில்லை; வாங்கிய இயக்குநர் டாக்டர் ரத்னவேலும் கேட்கவில்லை. அவருக்கு வருடம் ஒரு தொழில்நுட்பம் பிடிக்கும். போன வருடம் மெட்டாவெர்ஸ் என்ற மாய உலகம். அப்போது வாங்கிய மாயக்கண்ணாடிகள் இன்றும் ஸ்டோர் ரூமில் எதிர்காலத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

புதிய ஏற்பாட்டில் நூலக மேசை ஒவ்வொன்றிலும் ஒரு உணரி. மாணவர் தன் கார்டை அதன்மேல் வைத்தால் படிப்பு நேரம் ஓட ஆரம்பிக்கும். திட்டம் அருமை. ஆனால் அதை எழுதியவர் கலிபோர்னியாவிலோ எங்கோ இருந்தார். சிங்கப்பூர் உணவங்காடியில் அவர் ஒருநாளும் இடம் தேடி அலைந்ததில்லை. இங்கே மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது யாரோ ஒருவரின் இடம். பசியில் கண் இருண்டவர்கூட அதைத் தொடமாட்டார். மாணவர்களிடம் டிஷ்யூ இல்லை, கார்டு இருந்தது. காலையில் வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போனார்கள். சிலர் அப்படியே படத்துக்கும் போனார்கள். கார்டுகள் விடாமுயற்சியுடன் படித்தன.

தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் பாசிர் ரிஸ்ஸிலிருந்து ரயில் பிடித்து வரும் யும்னாவுக்கு மேசை கிடைத்ததே இல்லை. கணக்கியல் அலமாரிகளுக்கு நடுவே தரையில் சம்மணமிட்டுப் படிப்பாள். தரையில் உணரி இல்லை. ஆகவே அவள் படிக்கவில்லை.

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. சிஸ்டம் பச்சையாகக் காட்டும் மாணவர்களை மட்டுமே வேலைப் பயிற்சிக்கு அனுப்புவார்களாம். ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் அவள் கேட்டிருந்த பயிற்சி போனால் டிப்ளமோவும் போகும். டிப்ளமோ போனால் கல்லூரியில் என்ன வேலை? கணிப்பு கச்சிதமாகப் பலித்துவிடும்.

வகுப்புத் தோழன் ரித்திக்கிடம் புலம்பினாள். மென்பொருளின் கணக்கில் அவன்தான் கல்லூரியிலேயே தலைசிறந்த மாணவன். நூலகத்தில் கழிப்பறை எங்கே என்றுகூட அவனுக்குத் தெரியாது.

“ஒன் கார்டக் குடு லா. காலைல என் கார்டு வைக்கப் போறேன்ல, ஒன்னோடதும் கூடச் சேந்து படிக்கட்டும்.”

இரண்டே வாரத்தில் யும்னா மஞ்சளாகி, பச்சையானாள். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் டாக்டர் ரத்னவேலுக்கு ஒரு வெற்றிக்கதை தேவைப்பட்டது. நிறுவனங்களிலிருந்து விருந்தினர்களை அழைத்து விழா எடுத்தார். மேடையில் தன் பக்கத்தில் யும்னாவை நிறுத்திக்கொண்டார்.

“தொலைந்துபோக இருந்த மாணவி! தரவுதான் இவரைக் கைதூக்கிவிட்டது. இதோ, இவருடைய நிலையை நேரலையில் காணுங்கள்!”

பெரிய திரையில் எழுத்துகள் ஒளிர்ந்தன: யும்னா. நூலகம், மேசை 14. ஆழ்ந்த படிப்பில் இருக்கிறார்.

கூட்டம் திரையைப் பார்த்தது. யும்னாவைப் பார்த்தது. மறுபடியும் திரையைப் பார்த்தது.

“இதைத்தான் அர்ப்பணிப்பு என்கிறேன்!” என்று முழங்கினார் டாக்டர். “உடல் இங்கே, உள்ளம் நூலகத்தில்!”

சுரேந்தர் மட்டும் கை தட்டினார். அவருடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது.

முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அந்தக் கப்பல் சரக்கு நிறுவனத்தின் மனிதவள அதிகாரி சிவகாமசுந்தரி.

“ஏம்மா, இங்க நிக்கிறது நீதானே?”

“நான்தான் மேடம்.”

“அப்ப அங்க படிக்கிறது?”

உள்ளம் என்று சொன்னால் பயிற்சி கிடைக்கலாம். ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

“என் கார்டு மேடம்.”

“நீ எங்க படிப்ப?”

“தரையில மேடம். மேசையில எல்லாம் கார்டுங்க ஒக்காந்திருக்கும்.”

அரங்கம் வெடித்துச் சிரித்தது. டாக்டர் ரத்னவேல், மேடைக்குக் கீழே கணினியோடு இருந்த சுரேந்தரிடம் குனிந்து ஏதோ சொன்னார். திரையில் யும்னா அந்த நொடியே சிவப்பானாள். மென்பொருள் இவ்வளவு வேகமாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

லிப்ட் வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளை சிவகாமசுந்தரி வந்து பிடித்தார்.

“திங்கக்கெழம ஆபீஸுக்கு வந்துரு.”

“மேடம், நான் இப்ப சிவப்பு.”

“காலேஜுல நான் பேசிக்கிறேன். மெதுவாப் பேசு லா.” அவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். “எங்க ஆபீஸ்லயும் இதே கருமத்தப் போன மாசம் வாங்கிட்டாங்க. நான் வேலைய விட்டுப் போகப்போறேன்னு காட்டுது. இருபது வருஷமா அங்கதான் இருக்கேன்!”

கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைக் கழற்றி யும்னாவின் கையில் திணித்தார்.

“மொதல்ல சொல்லு, இத எங்க வைக்கணும்?”