வாசல் தண்ணீர்

பெரியப்பாவின் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அப்பா நெவெனாவை பிளம் மரத்தடிக்கு இழுத்துப் போனார்.

"வக்கீலம்மா, சட்டுனு சொல்லு. அந்த ஸ்தாமெனாவுக்கு இந்த வீட்டுல பாத்தியதை உண்டா?"

"இல்ல."

அப்பாவுக்கு மூச்சு வந்தது.

பெல்கிரேடில் அவள் சட்டம் படிக்கிறாள். ஒப்பந்தச் சட்டத்தில் பத்துக்கு ஆறு. தப்பிப் பிழைக்கிற மார்க். வாய்மொழித் தேர்வில், சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லையா என்று மல்லுக்கு நின்றதற்குக் கிடைத்த கூலி. "நியாயத்தைச் சர்ச்சுல போய்க் கேளு. இங்க கையெழுத்து எங்கன்னு கேளு" என்றார் பேராசிரியர்.

பிள்ளையில்லாத ஸ்வெதோசார் பெரியப்பா கையெழுத்து எதுவும் போடவில்லை. குடும்பப் புனிதரின் திருநாளன்று, மெழுகுவத்தி எரிய, ஊர் முன்னால் சொன்னார்: "கடைசிவரை என்னைப் பாத்துக்க ஸ்தாமெனா. வீடு உனக்கு." பக்கத்து வீட்டு விதவை அவள். தன் வீட்டை மகனுக்கு விட்டுவிட்டு வந்து, பக்கவாதத்தில் விழுந்தவரைக் கழுவித் துடைத்தாள்.

"அன்னிக்கு அந்த வாக்கை வாழ்த்தி முதல்ல கிளாஸைத் தூக்கினது நீங்கதானே?"

"சாராயம் குடிச்சா சாட்சி ஆயிடுமா?"

"ஆகாது. கேஸ் போட்டா நீங்கதான் ஜெயிப்பீங்க. நானே எழுதித் தரேன். ஆனா, ஜெயிச்ச வீட்டை நீங்க அவங்களுக்குக் குடுத்தா எந்தச் சட்டமும் தடுக்காது."

"இதுக்குத்தான் ஆறு போட்டான்."

அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பினார்கள். கல்லறையிலிருந்து வருகிறவர்கள் கை கழுவாமல் வாசலைத் தாண்டுவதில்லை. தண்ணீர் ஊற்றுவது அந்த வீட்டுக்குரியவர். கூஜாவும் துண்டும் பெஞ்சில் தயாராக இருந்தன. ஸ்தாமெனா விருந்தாளிகளோடு வரிசையில் நின்றாள்.

அப்பா கை நீட்டுவதற்குள் நெவெனா கூஜாவை எடுத்துவிட்டாள். நேரே போய் ஸ்தாமெனாவின் கையில் கொடுத்தாள்.

"ஊத்துங்க அத்தை."

"நான் எதுக்கும்மா... அதான் உங்கப்பா இருக்காரே."

"அவருக்கும் சேத்துத்தான்."

ஊர் அப்பாவைப் பார்த்தது. நெவெனாவும் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

குழி வெட்டிய மிலுன் மட்டும் பின்னாலிருந்து முனகினான். "யாராவது ஊத்துங்கப்பா. உள்ள சூப் ஆறுது."

அப்பா கோட்டுக் கையை மெதுவாக மடித்துவிட்டார். இரண்டு கைகளையும் ஸ்தாமெனாவின் முன்னால் நீட்டினார். அவள் ஊற்றினாள். பாதித் தண்ணீர் அவர் ஷூவில் விழுந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"உள்ள வரலாமா?"

ஸ்தாமெனா வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.