யாராவது விழணும்

“இன்னும் கொஞ்சம் சாய்ச்சு வை. லைட் அடிக்குது” என்றார் கோதண்டராமன்.

சம்யுக்தா சாப்பாட்டு மேஜையைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்து, தண்ணீர் ஜக்கில் டேப்லெட்டைச் சாய்த்து, அப்பாவின் கண்ணுக்கு நேராகத் திருப்பினாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், கையில் டிரிப்ஸ், மார்பெல்லாம் ஒயர். இத்தனையையும் மாட்டிக்கொண்டு மனிதருக்கு மேட்ச் கேட்கிறது. தோஹாவில் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் இதுதான், அதனால் கேரளத்து நர்ஸும் ஒன்றும் சொல்லவில்லை.

எஃப்.சி. வால்டாவ் என்று சுவிட்சர்லாந்தில் ஒரு கிளப் இருப்பதே இரண்டு வருஷம் முன்பு வரை இந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. தம்பி வருண் அங்கே பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தான், பிடித்தது சனி. கிரிக்கெட்டைத் தவிர மற்றதெல்லாம் வெட்டிவேலை என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, எழுபது வயதில் ஆஃப்சைடு கற்றுக்கொண்டார். இந்த சீசனில் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. லீக்கில் கிளப் அடிமேல் அடி வாங்கிக் கடைசிக்கு முந்தின இடத்தில் கிடந்தது. சுவிஸ் கோப்பையில் ஏதோ மலைக்கிராமத்துப் பொழுதுபோக்கு அணியிடம் தோற்று மானம் போயிற்று. ஆனால் போன வருஷம் அந்தக் கோப்பையை ஜெயித்த புண்ணியத்தில் ஐரோப்பியப் போட்டிக்குள் நுழைந்திருந்தது. பெரிய போட்டியின் தகுதிச் சுற்றில் உதைபட்டு, சின்னப் போட்டிக்கு இறங்கி, அங்கே யாருமே எதிர்பார்க்காதபடி தாக்குப்பிடித்து நின்றுகொண்டிருந்தது. இன்றைக்கு ஜெயித்தால் காலிறுதி.

அப்பாவுக்கு கோல் முக்கியமே இல்லை. யாராவது விழணும். வால்டாவ் ஆட்டக்காரன் ஒருத்தன் காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் புரண்டால்தான் வருண் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வருவான், கேமராவும் அவனைக் காட்டும். ஊரான் வீட்டுப் பிள்ளை எலும்பை முறித்துக்கொள்ளட்டும் என்று பெரிய மனிதர் சீசன் முழுக்கப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். சம்யுக்தா இதைச் சொல்லிக் கிண்டலடித்தால், லேசா சுளுக்கினாப் போதும்மா என்பார்.

இன்றைக்கு அவளுக்குக் கிண்டல் வரவில்லை. வருண் மீது கொதித்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, வர வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். வராந்தாவில் நின்றபடியே தம்பியை அழைத்து, “அப்பாவுக்கு சீரியஸ்டா, உடனே கிளம்பி வா” என்றாள். அவன் என்ன ஆச்சு, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வியாழக்கிழமை மேட்ச் இருக்கிறது, இன்னொரு பிசியோ காய்ச்சலில் கிடக்கிறான், முடிந்த கையோடு கிளம்புகிறேன் என்றான். பிறகு கேட்டான்:

“நான் தோஹா வரட்டுமாக்கா, இல்ல நேரா திருச்சிக்கே வந்துடட்டுமா?”

என்னடா உளறுகிறாய் என்று கத்திவிட்டு அவள் போனை வைத்தாள். அப்பா இழுத்துக்கொண்டு கிடக்கிறார், துரைக்கு மேட்ச் பெரிதாகப் போயிற்று. அதற்குப் பிறகு அவன் எத்தனையோ தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. ‘தைரியமா இரு அக்கா’ என்று அவன் அனுப்பிய மெசேஜைப் பார்த்து இன்னும் எரிந்தது. அப்பாவின் போன் வீட்டில் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. கணவன் சதீஷ்குமார் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் ஷட்டவுன் டூட்டியில் இருந்தான், பிளான்ட்டுக்குள் போன் கொண்டுபோக முடியாது. அப்பாவிடம் மட்டும், வெள்ளிக்கிழமை வந்துவிடுவான் என்று சொல்லியிருந்தாள். அவரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு நாளை ஓட்டியிருந்தார்.

அணிகள் வரிசையாக மைதானத்துக்குள் வந்தன. வால்டாவ் ஆட்டக்காரர்கள் எல்லோர் கையிலும் கறுப்புப் பட்டை.

“யாரோ போயிட்டாங்க போலிருக்கே” என்றார் அப்பா.

கேமரா பெஞ்சுப் பக்கம் நகர்ந்தது. ஓரத்தில் வருண் உட்கார்ந்திருந்தான், அவன் கையிலும் பட்டை. ஆங்கிலத்தில் வர்ணனை செய்தவர் நிதானமாகச் சொன்னார். கிளப்பின் பிசியோவுடைய தந்தை இந்த வாரம் காலமாகிவிட்டார், அவருக்கு மரியாதை செலுத்தத்தான் இன்று அணி கறுப்புப் பட்டையோடு ஆடுகிறது என்று.

சம்யுக்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் அம்மா இறந்தபோது, அம்மாவுக்கு சீரியஸ், கிளம்பி வாங்க என்றுதான் அப்பா இரண்டு பேருக்கும் போன் செய்தார். நம்பிக்கையோடு வந்து இறங்கினார்கள், தெருமுனையிலேயே ஷாமியானா தெரிந்தது. கடல் தாண்டி இருப்பவனுக்குச் சாவை யார் போனில் சொல்கிறார்கள்? வளைகுடாவில் எந்த ரூமில் யாருக்கு அப்படிப் போன் வந்தாலும், கூட இருப்பவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு துக்கம் கேட்க வந்துவிடுவார்கள். அப்பா வேலை பார்த்த காலத்தில் அங்கேயே வளர்ந்த பையன் அவன். செவ்வாய்க்கிழமையே அப்பா செத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டான். உடலை ஊருக்கு அனுப்பக் காகித வேலை முடியவே இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். எந்த ஊரில் கொள்ளி வைக்க வேண்டும் என்றுதான் அன்றைக்கு அவளிடம் கேட்டிருக்கிறான்.

அப்பாவுக்கு இதயம்தான் பழுது, காது நன்றாகவே கேட்கும். டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, “சீரியஸ்னு சொன்னியா?” என்று கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

“பாவம், ரெண்டு நாளா எப்படி அழுதிருப்பான்” என்றார். “நான் இருக்கேன்னு சொல்லிடு, சம்யு. மொதல்ல அதைச் சொல்லு.”

அவள் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆட்டம் முடியும்வரை போன் உடைமாற்றும் அறையிலேயே கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் விடாமல் கூப்பிட்டாள். கிளப் ஆபீஸ் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தால், ஜெர்மனில் ஒரு இயந்திரம் பேசியது. கடைசியில் மெசேஜ் போட்டாள். ‘அப்பா உயிரோட இருக்கார்டா. நீ ஆடற மேட்சைப் பார்த்துட்டிருக்கார். உடனே கூப்பிடு.’ ஆடுவது அவன் இல்லை என்பதுகூட அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. இடைவேளையிலும் அவன் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் ஒருத்தன் விழுந்தான். வருண் பையோடு ஓடி வந்து மண்டியிட்டு, அவன் முழங்காலில் எதையோ பீய்ச்சி, மெதுவாக நீட்டி மடக்கினான். கேமரா பக்கத்தில் போயிற்று. வருணின் முகம் அழுது வீங்கியிருந்தது. அப்பா குழாய் மாட்டிய கையைச் சிரமப்பட்டு நீட்டி, டேப்லெட்டில் மகன் தலை இருந்த இடத்தைத் தொட்டார். விரல் பட்டதில் ஆட்டம் நின்றுபோனது. சம்யுக்தா மறுபடி ஓடவிட்டாள்.

“இளைச்சுட்டான்” என்றார் அப்பா.

வருண் எழுந்து கோட்டுக்கு வெளியே போகும்வரை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அசதியில் தூங்குகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். மானிட்டர் கூவியபோது நர்ஸ் ஓடி வந்தாள், பின்னால் இன்னும் மூன்று பேர். மேஜையை மூலைக்குத் தள்ளினார்கள், அவளை வெளியே போகச் சொன்னார்கள். வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு வரை, ஒரே ஒரு நாள், என்று யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கொடுக்கவில்லை. டாக்டர் வந்து அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

உள்ளே வந்தபோது மூலையில் டேப்லெட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வால்டாவ் ஜெயித்திருந்தது. ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வருணிடம் வந்து அவன் தலையைத் தங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். அவள் டேப்லெட்டை நிறுத்தினாள். கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கைப்பைக்குள் போன் அடித்தது.

“அக்கா, இப்பதான் பார்த்தேன்” என்றான் வருண். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. பின்னால் ஒரே பாட்டும் கூச்சலுமாக இருந்தது. “நிஜமாவா? அப்பா இருக்காரா?”

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“என்மேல கோவமா இரு, பரவால்ல. இப்பவே ஏர்போர்ட்டுக்குப் போறேன். முழிச்சிட்டுதானே இருக்கார்? போனை அவர் காதுல வை அக்கா.”

செவ்வாய்க்கிழமை அவனுக்குச் செத்துப்போன அப்பா, இந்த நிமிஷம்தான் அவனுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறார். மறுபடி பறிக்க அவளுக்கு நாக்கு எழவில்லை. போனைக் கொண்டுபோய் அப்பாவின் காதோடு வைத்தாள்.

தம்பி பேச ஆரம்பித்தான். என்ன சொல்கிறான் என்று அவளுக்குக் கேட்கவில்லை, முனகல் போல அவன் குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. நர்ஸ் முகத்தை மூடுவதற்காகப் போர்வையை இழுத்துக்கொண்டு வந்தவள், போனைப் பார்த்து அப்படியே நின்றாள். சம்யுக்தா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். நர்ஸ் போர்வையைக் கழுத்தளவில் விட்டு, சுருக்கத்தை நீவிக்கொண்டு, அவன் பேசி முடிக்கக் காத்திருந்தாள்.