துவைக்காத சட்டை

அத்தை வாசல் திரைச்சீலையை இழுத்து விட்டாள். பக்கெட்டில் சோப்புத்தூளைக் கொட்டி நுரை பொங்கக் கலக்கினாள்.

"குடுடி அந்தச் சட்டைய. அலசிட்டா முடிஞ்சுது."

"தர மாட்டேன்."

அண்ணன் மகள் தையல் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்து, குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவது வேலை. வீட்டிலும் அவள் பட்டப்பெயர் செக்கர்தான்.

முந்தாநாள் துணிக் கிடங்கில் சூப்பர்வைசர் கதவைச் சாத்தி அவளைப் பலாத்காரம் செய்தான். சட்டையில் இரண்டு பொத்தான்கள் அறுந்திருந்தன. அந்த இடங்களில் அம்பு ஒட்டி, காகிதப் பையில் போட்டு, மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தாள். நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான்: துவைக்காதே.

"போலீஸ் வந்தா நம்ம பேரு நாறிடும்டி."

"போன் பண்ணிட்டேன், வீட்டுக்கே வந்து எழுதிக்குவாங்க அத்தை. பொம்பள ஆபீசர்தான் வரணுமாம். என் உரிமையாம்."

"வரட்டும். தொப்பியப் பாத்ததுமே கதவச் சாத்துறேன்."

மணி அடித்தது. வாசலில் பூப்போட்ட குடையோடு ஒரு பெண். தொப்பி இல்லை. அத்தையின் முகம் மலர்ந்தது.

"சூப்பர்வைசரோட அக்காதானே? அனுப்புறேன்னாரு. வாங்க, வாங்க!"

"இல்லம்மா, நான்..."

"உக்காருங்க மொதல்ல. நேத்து அவரே வந்து, தப்புப் பண்ணிட்டேன், நானே கட்டிக்கிறேன், வெளிய சொல்லாதீங்கன்னு என் கையப் புடிச்சிக்கிட்டு ஒரே அழுகை. பாவம், நான்தான் மூக்கச் சிந்தத் துணி குடுத்தேன். இவ சட்டையத் துவைக்க விட மாட்டேங்குறா. நீங்களாவது சொல்லுங்க."

"அத்தை, அவங்க வந்து..."

"நீ சும்மா இரு."

வந்தவள் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அட்டையில் இருந்த படத்தில் தொப்பி இருந்தது.

அத்தை அதைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அது ஏற்கெனவே திறந்திருந்தது.

"என்ன சொல்லி அழுதாரு? மறுபடி சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்."

"ஐயோ, எங்க பொண்ணு பேரு வெளிய வந்துடுமே!"

"வராது. வெளிய விட்டா, விட்டவங்க உள்ள போவாங்க. சட்டம்." ஆபீசர் பேனா மூடியைக் கழற்றினாள். "சாட்சி பேரு மட்டும் வேணும். உங்க பேரென்ன?"

அத்தைக்குத் தன் பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

செக்கர் காகிதப் பையை ஆபீசரிடம் கொடுத்தாள். பிறகு, நுரை வீணாவானேன் என்று வாசல் திரைச்சீலையைக் கழற்றிப் பக்கெட்டில் போட்டாள்.