முதல் வாக்கியத்துக்கு முன்

"கூட்டத்துல நீ மொதல்ல பேசு. பின்னாலயே நான் எந்திரிச்சுச் சொல்லுதேன்" என்று பாண்டிச்செல்வியிடம் சொல்லியிருந்தாள் இருளம்மாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறையின் பின்கதவு வெளியே பூட்டிக் கிடந்ததைப் பார்த்து உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் பாண்டிச்செல்வியின் அம்மா சின்னத்தாய் கருகிப்போனாள். சின்னத்தாயின் கவனக்குறைவுதான் வெடிவிபத்துக்குக் காரணம் என்றது கம்பெனி.

நாரணாபுரத்தில், கோயிலுக்கு முன்னால் இரங்கல் கூட்டம். கம்பெனி மேனேஜர் கோட்டைச்சாமி எழுந்தார். தேர்தல் மேடைகளில் பழகிய குரல் அவருக்கு. எல்லோரும் பார்க்கும்படி செல்போனை அணைத்து மேசையில் வைத்தார்.

பாண்டிச்செல்வி கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவள். இப்போது குரலை இறக்குவார் என்று நினைத்தாள். இறக்கினார்.

"சின்னத்தாயி அக்கா கையால கஞ்சி குடிச்சவன் நான். அவுக எனக்கு யாரு? சொல்லுங்க, யாரு?"

ஒரே பதில் உள்ள கேள்வி. "அக்கா!" என்றது கூட்டம். உயிரோடு இருந்தவரை அம்மாவை அவர் 'ஏட்டி' என்று அதட்டித்தான் கூப்பிட்டார். ஒவ்வொரு உத்தியாகப் பிரித்துப் பார்த்து வெறுத்துக்கொண்டிருந்தபோதே அவள் கண்ணில் நீர் வழிந்தது. தன் உடம்பே அவர் பக்கம் சாய்ந்துவிட்டதே என்று கூசிப்போனாள்.

"நீ பேசு தாயி." பிடியை விடாமலே மைக்கை நீட்டினார்.

முதல் வாக்கியத்துக்கு முன் கூட்டத்தை ஒரு சுற்று மௌனமாகப் பார்க்க வேண்டும். கோப்பைகளை வாங்கித் தந்த பழக்கம் அது. பார்த்தாள். முணுமுணுப்பு அடங்கியது. இருளம்மாள் தரையில் கையூன்றிப் பாதி எழுந்திருந்தாள்.

"பாத்தீகளா! பெத்தவளை நெனச்சுப் பிள்ளைக்குப் பேச்சே வரலை!"

மைக்கை இழுத்துக்கொண்டு, குலுங்கி அழுதபடி அவளைத் தோளோடு அணைத்தார் கோட்டைச்சாமி. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "கதவு பூட்டியிருந்துச்சு" என்று அவள் கத்தியது, அந்த அழுகையில் இன்னொரு அழுகையாகக் கரைந்தது. இருளம்மாள் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்துனது நல்ல இடம்தான் தாயி" என்றார் அவர், அவள் காதோரம். "ஆனா மைக்கைக் கையில வாங்கிட்டுல்லா நிறுத்தணும்."

சரிதான் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று உடனே ஒப்புக்கொண்டது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை விசாரணை அதிகாரியிடம் கூட்டிப்போகப் பாண்டிச்செல்வி வந்தபோது, இருளம்மாள் கம்பெனி வேனில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"அம்புட்டு அழுத மனுசனைப் போயி எப்படித்தா காட்டிக் குடுக்க?" என்றாள். "நீயும்தான் ஒத்த வார்த்தை பேசலையே."