முளைக்கிற நெல்லுக்குத்தான் பொலி

நாலு மணிக்குள் மருதையின் வாயிலிருந்து 'பொலி' என்ற சொல் வந்தாக வேண்டும். வராவிட்டால் அனுசுயாவின் வேலை காலி!

மணி இப்போது மூன்று ஐந்து.

ஸ்ரீரங்கத்தில் தயாராகும் பேசும் அகராதியில் அவளுக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. அறுவடைச் சொற்கள் அவள் பங்கு. அரி, தாள், போர், பதர்... எல்லாவற்றுக்கும் குரல் பிடித்தாயிற்று. பாக்கி பொலி மட்டும்தான். தூற்றிய நெல்லைக் களத்தில் குவித்துவிட்டு, 'பொலியோ பொலி' என்று கூவுவார்களே, அது.

"குரல் இல்லேன்னா சொல் இல்லே. சொல் இல்லேன்னா நீயும் இல்லேம்மா" என்று பதிப்பாசிரியர் ரெங்கராஜ் காலையிலேயே தேன் தடவிச் சொல்லியிருந்தார்.

மருதை காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். தை பிறந்தால் வையம்பட்டிக்கு ஓடிப்போய்க் களத்தில் நிற்பான். அவன் முன்னால் மைக்கை நீட்டினாள்.

"ஒரே ஒரு தடவைண்ணே."

"குவியல் எங்கம்மா?"

"எதுக்குண்ணே?"

"வெறுந்தரையைப் பாத்துப் பொலி சொல்லுவாங்களா? வீடு வெளங்குமா?"

பக்கத்தில் மலையாகக் கிடந்த வெங்காயத்தைக் காட்டினாள். முறைத்தான். அனுசுயா பாய்ந்தாள். அடுத்த சந்தில் பத்து கிலோ பொன்னி அரிசி வாங்கி, மூச்சிரைக்கத் தூக்கிவந்து, சாக்கு விரித்துக் கொட்டினாள்.

மருதை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். சுற்றி நின்ற மூட்டைக்காரர்களுக்கு அந்த அடக்கம்கூட இல்லை.

"ஏம்மா, அரிசி முளைக்குமா?"

"முளைக்காது..."

"பொலின்னா பெருகுன்னு அர்த்தம். முளைக்காதது எங்கேருந்து பெருகும்? நெல்லு கொண்டா. ஒரு பிடி போதும்."

பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். அவளே நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். அரிசிக் கடையில் அது ஞாபகம் வரவில்லை!

மூன்று இருபது. நட்டநடுத் திருச்சியில் நெல்லுக்கு எங்கே போக? யார் வீட்டில் நெல் தின்கிறார்கள்?

கிளி!

"ஆட்டோ!" மருதையை உள்ளே தள்ளினாள்.

"அரிசியைப் பாத்துக்கங்கடா!" என்று அவன் கத்தியதை மார்க்கெட் பாதிதான் கேட்டது.

மலைக்கோட்டை அடிவாரத்தில் கிளி ஜோசியம் ராசாத்தி கூண்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒரு பிடி நெல்லு!"

"பேரு சொல்லும்மா, சீட்டு எடுப்பான்."

"சீட்டு அப்புறம்க்கா, நெல்லைக் கொட்டுங்க!"

ராசாத்தி மிரண்டுபோய்க் கொட்டினாள். மருதை செருப்பைக் கழற்றினான். துண்டை இடுப்பில் இறுக்கிக் கிழக்கே கும்பிட்டான். அதற்குள் கிளி கூண்டைவிட்டு நடந்துவந்து குவியலில் மூக்கை வைத்துவிட்டது.

"சீக்கிரம்ணே, குறையுது!"

"பொலியோ... பொலீ!"

கடைவீதியே திரும்பியது. கிளி 'கீ' என்றது. அவன் கூவக் கூவ அது தின்றது. அது தின்னத் தின்ன ராசாத்திக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் நெல்லா கொறையும்?"

டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கூவலுக்கு நடுவே குவியல் நிஜமாகவே வளர்ந்தது!

மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பதிவை அனுப்பினாள். நாலு அடிக்குமுன் போன் அலறியது.

"பொலிக்கு நடுவுல யாரும்மா கத்துறது?" என்றார் ரெங்கராஜ்.

"சாட்சி, சார். நெல்லு நிஜந்தான்னு."

அந்தப் பக்கம் பதிவு மறுபடி ஓடியது; கூவலும் 'கீ'யும் போனில் கேட்டன. அனுசுயா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி. நாளையிலேருந்து மீன்பிடிச் சொல்லெல்லாம் உன் பொறுப்பு. கொக்கைக் கூட்டிட்டு வந்துடாதே!"