முப்பத்தைந்து கோப்புகளைக் காணோம்

பார்கவிக்கு வந்த கோபத்தில் மேலாளர் ரங்கராஜனின் மேஜை தப்பியதே பெரிய விஷயம். பின்னே? இரண்டு வருடம் உட்கார்ந்து அவள் எழுதிய பிழை கவனிக்கும் பகுதியை, நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரை மெதுவாக்குகிறது என்று மனிதர் காலையில் முழுசாகத் தூக்கிவிட்டார். நான்கு மணிக்கு அது இல்லாமலேயே வாடிக்கையாளருக்குப் போகப்போகிறது. இப்போதே மணி இரண்டரை.

“நானே அளந்துட்டேம்மா. உன் கோடோட நூறு செகண்ட். அது இல்லாம எண்பத்திரண்டு. இதுக்கு மேல என்ன பேச்சு?”

“நானும் ஒருதடவ ஓட்டிப் பாத்துடறேனுங்க சார்.”

“நாலு மணி வரைக்கும் என்ன வேணா பண்ணிக்கோ.”

பக்கத்து இருக்கை முகமது ரஃபீக், புனேயின் கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவன், நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வாடிக்கையாளரின் இருநூறு கோப்புகளையும் இரண்டு கம்பைலர்களிலும் ஓட்டினார்கள். நூறு, எண்பத்திரண்டு. எது முதலில் என்பதை மாற்றிப் போட்டும் அதே கணக்குதான். மனிதர் சொன்னது நிஜம்தானோ?

“அரே, சும்மா செக்கிங்குக்கு இவ்ளோ ஃபர்க், பதினெட்டு செகண்ட் வித்தியாசம், எப்டி வரும்?” என்றான் ரஃபீக்.

வேகத்தை அளக்கிறவர்கள் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்கள். வேலை முடிந்ததா என்று எவன் பார்க்கிறான்? பார்கவி பார்த்தாள். அவளுடைய கம்பைலர் மாற்றித் தந்த கோப்புகள் இருநூறு. ரங்கராஜனுடையது தந்தவை நூற்று அறுபத்தைந்து.

“ரஃபீக்! முப்பத்தஞ்சு காணோம்டா!”

அந்த முப்பத்தைந்துக்கும் தேவையான ஒரு துணைக்கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவள் எழுதிய பகுதி அதை வேறு இடங்களில் தேடி எடுத்துவரும். கிடைக்காவிட்டால் பிழை என்று கத்தும். அது இல்லாத கம்பைலரோ பாதியில் கைகழுவிவிட்டு, மூச்சுவிடாமல் அடுத்த கோப்புக்குப் போய்விட்டது. செய்யாத வேலைக்கு நேரம் எதற்கு? அந்த முப்பத்தைந்தையும் ஒதுக்கிவிட்டு ஓட்டினாள். இரண்டுக்கும் அரை நொடிகூட வித்தியாசமில்லை!

“சபாஷ்!” என்று ரஃபீக் போட்ட கூச்சலில் மாடியே திரும்பிப் பார்த்தது. மூன்று நாற்பதுக்கு இருவரும் ரங்கராஜனின் அறைக்குள் ஏறக்குறைய ஓடினார்கள். அவர் தானே இரண்டுமுறை எண்ணினார். முகம் தொங்கிப்போயிற்று. உடனே தொலைபேசியை எடுத்து, “அனுப்பாதீங்க, பழசையே போடுங்க” என்றார்.

வைத்துவிட்டும் ஆறவில்லை அவருக்கு.

“முப்பத்தஞ்சு தடவ பாதில நின்னிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா இது?”

“சொல்றதத்தான் நீங்க காலைல தூக்கிப்போட்டுட்டீங்களே சார்!”